படுத்திருந்த ஆடு

ஏசுரத்தினத்தின் கண்ணைப் பற்றி ரங்கூன் இன்சீனில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ரயில்வே பட்டறைக் கூரையில் உட்கார்ந்திருக்கும் காக்கை ஆணா பெண்ணா என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார் என்றார்கள். மிங்கலாடோனில் விமானம் இறங்கும்போது ஜன்னலோரம் இருப்பவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று அவரைக் கேட்டால் தெரியும் என்றார்கள். பாதி கேலி, பாதி பெருமை. நேபாளத்து மலையில் வெள்ளைக்காரர்களுக்கு வேட்டையாட ஆடு காட்டிக்கொடுக்கும் தமிழன் ரங்கூனில் வேறு யார் இருக்கிறார்கள்? அதனால் அந்தத் தெருவில் அவர் வந்தாலும் செய்தி, போனாலும் செய்தி.

அவர் போனதென்னவோ சமையல்காரராகத்தான். இன்சீன் கடைத்தெருவில் ஒரு லப்பயே கடையில், அதாவது தேநீர்க் கடையில், இருபது வருஷம் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். நாட்டு நிலைமை கெட்டு அந்தக் கடையைப் பூட்டிய வருஷம், அங்கே முன்பு தினமும் தேநீர் குடிக்க வந்த டம்பர் என்ற கூர்க்கா அவரைக் கூப்பிட்டான். டம்பர் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவன். உறவுக்காரர்கள் நேபாளத்தில் வேட்டைக் கூடாரம் நடத்த, மேற்பார்வைக்கு அங்கே போய்விட்டான். ஏசுரத்தினத்தை 'அக்கோ' என்று, அதாவது அண்ணன் என்று, பர்மிய முறையில்தான் கூப்பிடுவான். வருஷத்தில் இரண்டு பருவம் வேட்டை, நடுவில் மழைக்காலம் முழுக்க வீட்டில் இருக்கலாம் என்றான். ஐம்பது வயதில் ஏசுரத்தினம் முதல்முறையாகப் பனியைப் பார்த்தார்.

பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே மரம் கிடையாது. கல்லும் காய்ந்த புல்லும் காற்றும்தான். அங்கே நாவூர் என்றொரு மலையாடு உண்டு. கல் என்ன நிறமோ அதே நிறம். கிழட்டுக் கடாவின் கொம்புக்காகத்தான் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் மனிதர்கள் வந்து, மூச்சு வாங்க மலையேறினார்கள். கடா பகலில் சரிவில் படுத்து அசைபோடும்போது பத்தடி பக்கத்தில் போனாலும் கல் என்றுதான் நினைக்கத் தோன்றும். இரண்டாவது பருவத்தில் ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போன ஏசுரத்தினம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சரிவுல ஏழு படுத்திருக்கே" என்றார். வழிகாட்டிகள் தொலைநோக்கியை வைத்துக் கால்மணி நேரம் தேடி ஆறைக் கண்டுபிடித்தார்கள். ஏழாவது எழுந்து நின்றபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அன்றோடு அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஆடு பார்ப்பவர் ஆனார்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. படுத்த ஆட்டைச் சுடக் கூடாது. அது எழுந்து பக்கவாட்டில் நிற்க வேண்டும். கொம்பின் வளையத்தை எண்ணி வயது பார்க்க வேண்டும். பிறகுதான் துப்பாக்கிக்காரரின் தோளைத் தட்ட வேண்டும். அதுவரை ஈரத் தரையில் வயிறு ஒட்டக் காத்துக் கிடப்பார்கள். சில ஆடு நாலு மணி நேரம் எழுந்திருக்காது. கைவிரல் மரத்து, மூக்கு ஒழுகி, கெட்ட வார்த்தையெல்லாம் மனதுக்குள் ஒரு சுற்று வந்து முடிந்த பிறகும் அது அசைபோட்டுக்கொண்டே இருக்கும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு அங்கே சோறில்லை.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ஏசுரத்தினம் வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது. ஆஸ்திரியாக்காரக் கிழவர் ஒருவர் கொடுத்த பரிசு. ஏசுரத்தினத்தின் மனைவி ஷைலா அதைத் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். வந்தவர் போனவரெல்லாம் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கி, வாசலில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தார்கள். ஏசுரத்தினம் மட்டும் அதைத் தொடவில்லை.

தொடாததற்குக் காரணம் அவருக்குத்தான் தெரியும். வலது கண்ணில் நடுவே ஒரு புகை. ஓரமெல்லாம் தெரியும், எதைப் பார்க்க வேண்டுமோ அது மட்டும் தெரியாது. இடது கண்ணிலும் அது தொடங்கியிருந்தது. மே மாதம் மிங்கலாடோனில் ஒரு கண் டாக்டரிடம் தனியாகப் போனார். வீட்டில் பழைய சிநேகிதரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். உள்திரை பனி வெளிச்சத்தில் வெந்திருக்கிறது, கண்ணாடி போட்டாலும் அறுத்தாலும் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். சுற்று ரயிலில் திரும்பி வரும்போது எதிர் பெஞ்சில் இருந்த பெண்ணின் கன்னத்தில் சந்தனம்போல் அரைத்துப் பூசிய தனக்கா தெரிந்தது, முகம் தெரியவில்லை.

வீட்டில் அவருக்கென்று வேலை எதுவும் இல்லை. வீடு அவர் இல்லாமலே நடக்கப் பழகியிருந்தது. ஷைலா காலையில் பேப்யோ விற்பாள். முளைகட்டி அவித்த பட்டாணிதான் பேப்யோ, ரங்கூனில் பாதிப்பேருக்குக் காலைச் சாப்பாடு. முந்தின நாள் கல் பொறுக்கி ஊறவைத்து, ஈரச் சாக்கில் முளைக்கவிட்டு, விடியுமுன் சிட்டிகை சோடாவும் உப்பும் போட்டு அவிக்க வேண்டும். நசுங்கக் கூடாது, கடிபடவும் கூடாது. பொரித்த வெங்காயமும் எண்ணெயும் விட்டு ஒட்டரிசிச் சோற்றோடு இலையில் வைத்துக் கொடுப்பாள். மகள் அஞ்சலி ஷ்வேப்யிதாவில் தையல் தொழிற்சாலைக்குப் போனாள். ஆறு மணிக்கு அவள் கிளம்பும்போது ஷைலா தலை வாரிவிட, இருவரும் பாதி தமிழிலும் பாதி பர்மிய மொழியிலும் எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். அது நேற்றைய பேச்சின் மீதியாக இருக்கும். நேற்றைய பேச்சு அவருக்குத் தெரியாது. உள்ளறையில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் இடம். அவர் முன்னறையில் பாயை விரித்துக்கொண்டார்.

ஷைலா கெட்டவள் இல்லை. ஒருநாள் அவளே மனம்விட்டுச் சொன்னாள்.

"நீங்க வந்தா வீடு நெறஞ்சாப்புல இருக்குங்க. ஆனா எடம் பத்தல. கோவிச்சுக்காதீங்க, நாங்க ரெண்டு பேரா இருந்து பழகிட்டோம்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டாணியில் கல் பொறுக்கித் தருகிறேன் என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். மலையில் அவ்வளவு பெரிய ஆள் முறத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெரு சிரித்தது. அவர் முறத்தைப் பார்க்கவே மாட்டார். கையை விட்டு அளைவார். பட்டாணி விரலிடுக்கில் உருண்டு ஓடும், கல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஆகஸ்டில் ஒருநாள் பட்டாணிபோலவே உருண்டையான ஒரு கல் விரலைத் தாண்டிப் போய்விட்டது.

அது மாட்டியது குழந்தைவேலுவின் வாயில். ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றவர், வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர். வாசலில் நின்றபடி துப்பி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இருக்கறதே நாலு பல்லு. அதுல ஒண்ணுக்கு உல வச்சிட்டியே தம்பி. மலை உச்சில ஆட்டக் கண்டுபுடிக்கிறவனுக்கு மொறத்துல கல்லு தெரியலயா? ஆனைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏசுரத்தினமும் சிரித்தார். ஷைலா சிரிக்கவில்லை. பானையை மூடிவிட்டு உள்ளே வந்து, அவர் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டி எத்தனை என்று கேட்டாள். அவர் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சாய்ப்பு போதும், புருஷன் எதையோ மறைக்கிறான் என்று பெண்டாட்டிக்குத் தெரிய. அன்று மத்தியானம் மழை கூரைத் தகரத்தை இடித்துக்கொண்டிருந்தபோது அவர் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மலையில் நடந்ததையும் சொன்னார்.

ஏப்ரல் நடுவில் ஒரு மூடுபனி நாள். ஆஸ்திரியாக்காரர் ஒரு பாறைக்குப் பின்னால் துப்பாக்கியோடு படுத்திருந்தார், பக்கத்தில் ஏசுரத்தினம், நாலடி பின்னால் டம்பர். எதிர்ச் சரிவில் பனி திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. ஒரு திறப்பில் கல்லுக்கு மேலே சாம்பல் நிற முதுகு ஒன்றை ஏசுரத்தினம் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட, அங்கே ஆடு இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. நாலு வருஷப் பழக்கம் கண்ணின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கிழட்டுக் கடா, படுத்திருக்கிறது என்று காதில் சொன்னார். ஆஸ்திரியாக்காரர் குறிவைத்தார். சட்டப்படி எழுந்திருக்கும் வரை காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. பனி மூடி, வேட்டைக்காரர் துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுத்த ஒரு நிமிஷத்தில், கால்வைத்த பெரிய தொலைநோக்கியின் ஓரத்தில், பனி விலகிய ஒரு கீற்றில், அந்த முதுகு எழுந்து நின்றது. அதற்கு இரண்டு கால். முதுகில் கூடை. மலை மூலிகை தோண்ட வந்த ஒரு பெண், சாம்பல் நிறக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். அஞ்சலி வயதுதான் இருக்கும். இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து சோம்பல் முறித்துவிட்டு, மேட்டுக்கு அந்தப்புறம் இறங்கிப் போனாள்.

"ஆடு போயிடுச்சு" என்று ஏசுரத்தினம் சொன்னார்.

மறுநாள் வேறு சரிவில் டம்பர் ஒரு கடாவைக் காட்ட, கிழவர் அதைச் சுட்டார். புறப்படும் நாளில் அவர் தன் பைனாகுலரைக் கழற்றி ஏசுரத்தினத்தின் கழுத்தில் போட்டார். முப்பது வருஷ வேட்டையில், 'சுடு சுடு' என்று அவசரப்படுத்தாமல், போய்விட்டது என்று உண்மையைச் சொன்ன ஆளை இப்போதுதான் பார்த்தேன் என்றார். டம்பர் கை தட்டினான்.

ஷைலா முழுக்கக் கேட்டாள். திரு இருதயப் படத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சுடலல்ல?"

"சுடல."

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல? தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுன்னு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டு விட்ருங்க. யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க. நீங்க பாட்டுக்கு வெளிய சொல்லி வச்சீங்கன்னா நாளைக்கு ஒரு பய மதிப்பானா?"

"அவ நிமிந்து எந்திரிச்சதால சரி, ஷைலா. ஆனா குனிஞ்சு நடந்திருந்தா? நாந்தான் தோளத் தட்டியிருப்பேன்."

"தட்டலயே. நடக்காததுக்கு யாராச்சும் அழுவாங்களா?"

சொல்லிவிட்டு மறுநாளைக்குப் பட்டாணி ஊறவைக்கப் போனாள். முறத்தை இனி அவர் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அவர் பாவசங்கீர்த்தனத்துக்கும் போய்ப் பார்த்தார். பர்மியச் சாமியார், இளவயது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுட்டது யார் என்றார், யாரும் சுடவில்லை. செத்தது யார் என்றார், யாரும் சாகவில்லை. பொய் சொன்னதற்காக மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். கோயிலை விட்டு இறங்குவதற்குள் மூன்றும் முடிந்துவிட்டன. அந்தப் பெண் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. வேட்டைக்காரருக்குத் தெரியாது, டம்பருக்குத் தெரியாது, அவளுக்கே தெரியாது. தன் முதுகின் மேல் ஒரு மணி நேரம் துப்பாக்கி இருந்தது தெரியாமல் அவள் எங்கோ சோறு பொங்கிக்கொண்டிருப்பாள். உலகத்தில் அதைச் சுமப்பது தான் ஒருத்தன்தான் என்பது ஏசுரத்தினத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மலையில் மாதக்கணக்கில் தனியாக இருந்திருக்கிறார். இந்த மாதிரித் தனிமையை அங்கே கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது டம்பர் கூப்பிட்டான். ஏசுரத்தினத்திடம் இருப்பது பொத்தான் போன். அதனால் டம்பர் எப்போதும் அஞ்சலியின் போனுக்குத்தான் வைபரில் கூப்பிடுவான். செப்டம்பர் கடைசியில் நாலு பேர் வருகிறார்கள், ஆஸ்திரியாக்காரர் தன் தம்பியையும் அனுப்புகிறார், அந்த உண்மைக்காரரைத்தான் கூட அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார், இனி ஆடு பார்க்கும் பையன்களுக்கெல்லாம் அக்கோதான் தலைவர் என்றான். ஷைலா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சலி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். மறுக்க வேண்டுமானால் அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால், இந்த வீட்டின் முன்னறையில், முறம்கூட இல்லாமல், யாராக உட்கார்ந்திருப்பது?

"வர்றேன்" என்றார்.

சொன்ன பிறகு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஷைலா மீன் குழம்பு வைத்தாள், புளிச்சகீரை கடைந்தாள். தட்டு வைத்தபடி இருந்தது. போகத்தான் போகிறோம், கல்லையெல்லாம் ஆடு என்று சொல்லத்தான் போகிறோம் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அடுத்த தடவை பனி அந்த நிமிஷத்தில் மூடும் என்று யார் சொல்ல முடியும்?

புதன்கிழமை மத்தியானத்திலிருந்து அடைமழை. அஞ்சலியின் குடை முந்தின நாள் காற்றில் மடங்கிப் போயிருந்ததால், ஷைலா கடைத்தெருவில் ஒரு மழைக்கோட்டு வாங்கிவைத்திருந்தாள். காலையில் அஞ்சலி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது ஏசுரத்தினம் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். மாலையில் தெருவில் முழங்கால் தண்ணீர். பெண்பிள்ளை தனியாக வர வேண்டாம், ஸ்டேஷனில் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஷைலா அனுப்பினாள். நாலு மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை. கரண்ட் இல்லாததால் போன் செத்துக் கிடந்தது, வைத்துவிட்டுப் போனார்.

இன்சீன் ஸ்டேஷனில் ஐந்தரை மணி ரயில் வந்து நின்றது. கீரைக்கட்டுக்காரிகளும் கோழிக்கூடைக்காரர்களும் தொழிற்சாலைப் பெண்களும் ஒரே முட்டாக இறங்கினார்கள். ஏசுரத்தினம் தூணோரம் நின்று, அஞ்சலியின் நீலக் குடையைத் தேடினார். முகங்கள் எல்லாம் புகையாக வந்து, பக்கத்தில் ஓரம் தெளிந்து, யாரோவாகிப் போயின. ஒரு பெண்ணைப் பார்த்து "அஞ்சலி" என்று இரண்டடி வைத்தார். அவள் பயந்து விலகிப் போனாள். கூட்டம் வடிந்தது. பிளாட்பாரத்தின் கடைசியில் யாரோ இறக்கிப்போட்ட சரக்கு மூட்டை ஒன்று மட்டும் மழையில் கிடந்தது. இந்த ரயிலைத் தவறவிட்டிருப்பாள், அடுத்ததில் வருவாள் என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மழை இரைச்சலில் எங்கோ யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது. கோழிக்காரனாக இருக்கும்.

அரைமணி கழித்து அடுத்த ரயிலும் வந்துபோனது. அஞ்சலி இறங்கவில்லை. எழுந்து, வேறு எதைப் பார்ப்பது என்று தெரியாமல், அந்த மூட்டையைப் பார்த்தார். நேரே பார்த்தால் இல்லை, முகத்தைச் சாய்த்தால் இருந்தது. சாம்பல் நிறம். முதுகுபோல ஒரு வளைவு. பழக்கம் கால்களைப் பிடித்து நிறுத்தியது. அசையாமல் நின்று காத்திருந்தார்.

மூட்டை தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

"அப்பா!"

அவர் ஓடினார். வழுக்கி முட்டி அடிபட்டு, எழுந்து ஓடினார். இறங்கும்போது கால் மடங்கிச் சுளுக்கிக்கொண்டதாம். யாரோ தூக்கி அங்கே உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புது மழைக்கோட்டைத் தலையோடு இழுத்துவிட்டுக்கொண்டு அவள் அங்கேயேதான் இருந்திருக்கிறாள்.

"எவ்ளோ நேரமா கூப்புட்றேன். கை ஆட்டுனேன். என்னையேதான் பாத்துட்டு இருந்தீங்க. அப்றம் போயி ஒக்காந்துட்டீங்க. ஏம்ப்பா அப்டி?"

அவளுக்குத் தமிழ் இவ்வளவுதான். அழுகை வந்ததும் மீதி பர்மிய மொழியில் வந்தது. அவர் அவள் முகத்தைத் தேடினார். இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார். மழையா கண்ணீரா என்று தெரியவில்லை, சூடாக இருந்தது.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா" என்றார்.

அவள் அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். எப்போதிருந்து என்று கேட்டாள். சொன்னார். அப்புறம் ஏன் டம்பரிடம் வருகிறேன் என்று சொன்னீர்கள் என்று கேட்டாள். அவளைத் தூணில் சாய்த்து உட்காரவைத்து, சுளுக்கிய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கணுக்கால் வீங்கி இருந்தது. அதைக் கையால் நீவினார். கொஞ்ச நேரம் கழித்து, டம்பரைக் கூப்பிடச் சொன்னார்.

"இப்பவா? வீட்டுக்குப் போயி பேசலாமே."

"வீட்டுக்குப் போனா உங்கம்மா பேச விட மாட்டா. எனக்கும் தைரியம் போயிரும். போடும்மா."

அவள் போனை மழைக்கோட்டின் மடிப்புக்குள் மறைத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். டம்பர் உடனே எடுத்தான். அக்கோ, மழையா அங்கே, பயணச் சீட்டு விஷயமா என்று உற்சாகமாகக் கேட்டான். ஏசுரத்தினம் பர்மிய மொழியில்தான் பேசினார். பக்கத்திலிருந்து கேட்கும் அஞ்சலிக்குத் தமிழில் பாதிதான் போய்ச் சேரும். இதில் ஒரு சொல்லும் தப்பாது.

"டம்பர், ஏப்ரல்ல பனி மூடுன அன்னைக்கு, ஆடு போயிடுச்சுன்னு சொன்னேன்ல. அது எங்கயும் போகல. அங்க ஆடே இல்ல. ஒரு பொண்ணு இருந்தா. சாம்பல் கம்பளியப் போத்திக்கிட்டு ஒக்காந்திருந்தா. எங்க அஞ்சலி வயசு. நாந்தான் அவள ஆடுன்னு காட்டுனேன். எனக்குக் கண்ணு போயிடுச்சு, நான் வரல. இனிமே ஆடு பாக்குற எல்லாப் பயலுக்கும் இதச் சொல்லு. எம்பேரச் சொல்லியே சொல்லு."

அந்தப் பக்கம் டம்பர் 'அக்கோ' என்று மட்டும் சொன்னான். அஞ்சலி போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சாம்பல் நிற மழைக்கோட்டைத் தலைவழியாகக் கழற்றி, சுருட்டி, பைக்குள் திணித்தாள். மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது.